சாந்தா உயிரோடிருந்த பதினொரு வாரங்கள்

என் பிரியமான மாப்பிள்ளைக்கு,

எனக்குத்தான் எழுத்து வராதே. நான் சொல்லச் சொல்ல உன் மகள் செல்வி எழுதுகிறாள். ஆறு மாதத்துக்கு என்னை அமெரிக்காவுக்கு, அவள் இருக்கும் எடிசன் ஊருக்கு வரவழைத்திருக்கிறாள்.

உன் துப்பறியும் நாவலை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்த்து எனக்கு வாசித்தாள். முதல் பக்கத்திலேயே கதாநாயகி சாந்தாவின் பிணம். துப்பறிகிறவன் குனிந்து பார்க்கிறான். இடது புருவத்தில் தழும்பு. வளையலுக்குள் நான்காய் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட். செல்வி சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“மாமா, டிக்கெட்ட இப்படி வைக்கிறது எங்கம்மாதானே? நீங்கதானே சொல்லியிருக்கீங்க?”

“ஆமாம்மா.”

“அப்பாவுக்கு அம்மாவைப் பிடிக்காதா? ஃபர்ஸ்ட் பேஜ்லயே மர்டர் பண்ணி வச்சிருக்காரு!”

நான்கு வயதில் தாயைப் பறிகொடுத்தவள். நீ உயிரோடு இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

நடந்ததைச் சொன்னேன். அது முதலில் பத்திரிகையில் பதினொரு வாரம் வந்த குடும்பத் தொடர். வாரா வாரம் என் தங்கச்சி, இவள் அம்மா கமலாதான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அதில் சாந்தா சாகவே இல்லை. புருஷனோடு சண்டை போடுவாள், மொட்டைமாடியில் தனியாக நின்று சிரிப்பாள். பிறகு பதிப்பாளர் அதையே மாத நாவலாக்கச் சொன்னார். நூறு பக்கம், முதல் பக்கத்தில் பிணம், கண்ணீர் கூடவே கூடாது. பழைய இதழ்கள் மழையில் ஊறிப் போயிருந்தன. என்னை உட்கார வைத்து ஒவ்வொரு வாரமாக ஒப்பிக்கச் சொன்னாய். அசட்டுப் புருஷன், யாரையும் நம்பாத துப்பறிகிறவன் ஆனான். பாவம் மாமியார், தங்கம் கடத்த ஆரம்பித்தாள். சாந்தாவிடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டாய்.

“வேற எவளாவது சாகட்டும் மச்சான். இவளை என்னால முடியாது.”

அடுப்படியிலிருந்து கமலா வந்தாள். “வேற எவளோ செத்தா உங்க ஆளு ஒப்புக்குத் தேடுவான். நான் செத்தாத்தான் விடாம தேடுவான். என்னையே போடுங்க. தழும்பையும் சேர்த்துப் போடுங்க.”

இரண்டே வருடத்தில் அவள் நிஜமாகவே போய்விட்டாள். அதற்குப் பிறகு நீ ஒரு கொலைகூட எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அம்மாவே அப்ரூவ் பண்ணாங்களா? அந்தச் சண்டை, மொட்டைமாடி எல்லாம் எங்க மாமா?”

“உங்கப்பன் வெட்டிட்டான்.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

என்ன கேள்வி மாப்பிள்ளை! கமலா வாசிக்கையில் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள் என்பதுகூட இருக்கிறது. நேற்று சனிக்கிழமை, முதல் வாரத்தைச் சொல்லி முடித்தேன். இன்னும் பத்து சனிக்கிழமை. நீ வெட்டியதில் ஒரு சொல்லையும் விடமாட்டேன். செல்வியிடம் அவள் அம்மாவை உயிரோடு ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

உன் மச்சான்,
கமலாவின் அண்ணன்