எல்லையில் நிற்கும் கொல்லைப் பொம்மை

அந்தமான்
14-9-1986

அன்புள்ள அப்பா அவர்களுக்கு, மகன் சின்னப்பன் எழுதுவது. மாதா அருளால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? கடத்தூரில் மழை உண்டா?

இங்கே ஆளில்லாத தீவு ஒன்றில் நான்கு பேர் காவல் இருக்கிறோம். கடலில் வரப்பு ஏது என்று அந்நியப் படகுகள் நம் எல்லைக்குள் நுழைந்து கடல் அட்டையை அள்ளிப் போகின்றன. அம்மா கொடுத்தனுப்பிய அவரை விதையைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஊன்றினேன். காய்த்ததும் கிளித் தொல்லை. நம் கொல்லையில் நீங்கள் கட்டுவதுபோல ஒரு பொம்மை கட்டி, என் கிழிந்த காக்கிச் சட்டையையும் தொப்பியையும் மாட்டினேன். கூட இருப்பவர்கள் சிரித்தார்கள்.

போன வாரம் எங்கள் ரோந்துக் கப்பல் ஒரு படகைப் பிடித்தது. பயப்படாதீர்கள், சண்டை எதுவும் இல்லை. விசாரித்தபோது, "அந்தத் தீவுப் பக்கம் மட்டும் நாங்கள் போகவே இல்லை, மழையில்கூட நகராமல் ஒரு காவல்காரன் நிற்கிறான்" என்றார்களாம். எங்கள் அதிகாரி தூத்துக்குடிக்காரர். நேரில் வந்து பொம்மைக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"கொல்லையில ஆளு இல்லன்னு கிளிக்குத் தெரியவே கூடாதுடான்னு எங்கப்பா சொல்லுவாருங்க சார்" என்றேன்.

அப்பா, இந்த நாட்டின் எல்லையில் இப்போது நிற்பது உங்கள் பொம்மை.

உப்புக்காற்றில் அதன் சட்டை நைந்துவிட்டது. கொல்லைக்குப் போட்டுப்போவீர்களே, அந்தக் காக்கிச் சட்டையை அனுப்புங்கள். தபால் படகு கிளம்புகிறது.

உங்கள் மகன்,
சின்னப்பன்

பி.கு.: சட்டையை அம்மா துவைத்துவிடப் போகிறார்கள். துவைக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.