நாற்பத்தெட்டு பனியன்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். முழங்கால் வலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

துணி ரோல் வந்து இறங்கியது. மகள் வயிற்றுப் பேத்தி நிவேதா ஆடை வடிவமைப்பு மூன்றாம் வருஷம். கடைசி வருஷ விழாவுக்கு வகுப்பில் நாற்பத்தெட்டு பேரும் ஒரே மாதிரி பனியன் (டி-ஷர்ட்) போட வேண்டுமாம். தாங்களே வெட்டித் தைப்பார்களாம். துணி நிவேதா பொறுப்பு. அதாவது என் பொறுப்பு. அருள்புரம் துணிக் கடையில் தடவிப் பார்த்து எடுத்தேன்.

மூன்று வருஷத்தில் இவர்கள் கிழித்தது: ரோஜாப்பூ கொடுத்து வரவேற்பு விழா, ஆட்டம். காஸ் அடுப்பில் பொங்கல். கம்பெனி பார்க்கப் போனது (மெஷின் முன் போட்டோ, பிரியாணி, திரும்பியது). கருத்தரங்கு, தூக்கம். எல்லாவற்றுக்கும் சர்டிபிகேட். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறப்போட்டு வெட்டச் சொன்னேன். இழுத்துச் சுற்றிய துணி சுருங்கி அடங்க வேண்டும்.

"மேடம் இன்னைக்கே வெட்டோணும்னுட்டாங்க அப்புச்சி."

"நாஞ் சொன்னேன்னு சொல்லு கண்ணு."

"சொன்னேனுங்க. அவர் என்ன படிச்சிருக்கார்னு கேட்டாங்க."

ஐந்தாம் வகுப்பு. இரண்டு மீட்டர் மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு ரோலை அனுப்பினேன்.

5, புதன்

நாற்பத்தெட்டும் தைத்தாயிற்று. நிவேதாவுடையதை வாங்கி அலசிக் காயப்போட்டேன். உயரத்தில் மூன்று விரல் போச்சு. பக்கத் தையல் தொப்புளைப் பார்க்கத் திரும்பிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே எழுதினால் என்ன.

6, வியாழன்

சந்தோஷம் போய்விட்டது. நிவேதா அந்தப் பனியனை வகுப்பில் காட்டியிருக்கிறாள். மேடம் எல்லோர் முன்னாலும், துணியே மட்டம், நிவேதா வீட்டில் ஏமாந்து வாங்கிவிட்டார்கள் என்றாராம். பின் பெஞ்சில் ஒருத்தி, "உங்க தாத்தா செகண்ட்ஸ் துணி எடுத்துட்டாராடி?" எல்லோரும் சிரிப்பு. பிள்ளை சாப்பிடவில்லை. விழாவுக்கே போகமாட்டாளாம்.

இரண்டு மீட்டர் துணி திங்களிலிருந்து என் கட்டிலில் பிரித்தபடி கிடக்கிறது. அதே அளவில் ஒரு பனியன் வெட்டி, நானே தைத்தேன். அலசினேன். அளவு அசையவில்லை.

7, வெள்ளி

காலேஜுக்குப் போனேன். மேடத்துக்கு என் மகள் வயசுகூட இல்லை. வகுப்பு மேசையில் இரண்டு பனியனையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

"ரெண்டும் ஒரே ரோலுங்க. இது நீங்க அன்னைக்கே வெட்டச் சொன்னது. இது மூணு நாள் ஆறுனது. ரெண்டையும் தண்ணியில அலசியாச்சுங்க."

செகண்ட்ஸ் என்று கேட்ட பெண்ணே எழுந்து வந்து டேப் வைத்து அளந்தாள். அளந்துவிட்டு மேடத்தைப் பார்த்தாள். சிலபஸில் அது இல்லை என்றார் மேடம். பெரிய படிப்பு. பனியனை மடித்தபடி அவரே, "துணி மேல தப்பில்ல நிவேதா."

பஸ்ஸில் நிவேதா என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

8, சனி

மேகமூட்டம். மேடம் போன் செய்தார். இன்றைய விழாவில் எனக்குப் பொன்னாடையாம். பாலியெஸ்டராகத்தான் இருக்கும். வரமாட்டேன் என்றேன்.

நிவேதா போயிருக்கிறாள், நான் தைத்த பனியனில். மற்ற நாற்பத்தேழும் இன்னும் அலசாதது.