சுரூபத்தடிச் சரிவால் வராதேங்கோ

சட்டன், லண்டன்
10.02.2009

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகனும் சுகம். நீங்களும் சுகமாய் இருக்கவேணும் எண்டுதான் இதை எழுதுறன்.

போனில கதைச்சால் கடைசியில நான் கத்துறன். அதால எழுதி, குலசேகரம் அண்ணையின்ட கடையில இருந்து நீங்கள் வேலை செய்யிற மலை ஹோட்டலுக்கு ஃபக்ஸ் அனுப்புறன். வியாழக்கிழமைக்கு முன்னம் இது உங்கட கையில கிடைக்கவேணும். விஷயத்தை முதலே சொல்லிப்போடுறன்: வெளிக்கிடாதேங்கோ.

மகன் நல்லாய்ப் பால் குடிக்கிறான். அஞ்சு கிழமைக்குள்ள மூக்கு அப்பிடியே உங்கட மூக்கு. நான் பெத்ததுக்கு முகத்தில ஒரு அடையாளமும் இல்லை. மேல்வீட்டுச் சுவர்ணா அக்கா பிள்ளை பெத்த உடம்புக்கு எண்டு சரக்குக்கறி காய்ச்சித் தாறா.

போன திங்கள் இஞ்சையும் பனி கொட்டினது. ஒரு சாண் பனிக்கு பஸ் எல்லாம் நிண்டுட்டுது. நான் பின் வளவில இறங்கி, சட்டுவத்தால குழி வெட்டி, முதல் முட்டிக்கையால குத்தி, பிறகு விரலால, பிறகு பென்சிலால இறுக்கம் பார்த்தன். பச்சை உடம்போட பனியைக் கிண்டுறியோ எண்டு சுவர்ணா அக்கா நல்லாய்ப் பேசினா. ஆறு வருஷம் அந்த மலையில, பனி சரியுமோ எண்டு நெடுகக் குத்திப் பார்க்கிற உங்களோட இருந்தவளுக்கு வேறென்ன தெரியும்? உண்மையைச் சொன்னால், உங்கட நினைவில கிண்டினன்.

ஞாயிற்றுக்கிழமை போனில நீங்கள் எல்லாம் ஒழுங்காய்த்தான் சொன்னியள். மேல காத்து அடிச்சு இறுக்கின பனி, பென்சில்தான் இறங்குது. அதுக்குக் கீழ சீனி மாதிரி ஒட்டாத பனி. பனி அள்ளுற சவளை மேல வைச்சு மணிக்கட்டால பத்துத் தட்டுத் தாங்கினது, முழங்கையால ரண்டாவது தட்டிலேயே மேல்கட்டி அப்பிடியே வழுக்கி வந்திட்டுது. பனிச்சரிவு ஆபத்து மூண்டு. றோட்டும் பூட்டு. அதைக் கேட்டும் நான், ஐஞ்சில மூண்டுதானே, பாஸ் மார்க்தானே, வாற ஞாயிறு பிள்ளையின்ட ஞானஸ்நானத்துக்கு, ரெயினடிக்கு இறங்கிற சுரூபத்தடிச் சரிவால நடந்தெண்டாலும் வாங்கோ எண்டு சொல்லி போனை வைச்சிட்டன். அதுக்கு முன்னம் நீங்கள் மெல்லமாய், சரி, வியாழன் வெளிக்கிடுறன் எண்டது என்ர காதில விழுந்தது.

அண்டைக்கு முழுக்கக் கோபம் போகேல்லை. நேற்று பிள்ளையைக் குளிப்பாட்டேக்கைதான், அந்தப் பாஸ் மார்க் கதையை முந்தி ஆர் சொன்னது எண்டு நினைவு வந்தது. உங்களோட குசினியில நிண்ட கனகலிங்கம் அண்ணை. அவரும் மூண்டு எண்டால் பாஸ் எண்டு சிரிச்சுக்கொண்டுதான் அந்தச் சரிவால ரெயின் பிடிக்கப் போனவர். நாலு, ஐஞ்சு எண்டால் ஆரும் கால் வைக்கமாட்டினம், மூண்டிலதான் சனம் துணிஞ்சு போய்ச் சாகுது எண்டு நீங்கள் வாசல் வரைக்கும் போய்ச் சொன்னியள். அடுத்த நாள் சரிஞ்ச பனிக்குள்ள நீட்டுத் தடியால குத்தி அவரைத் தேடினதும் நீங்கள்தான். அவரின்ட தொப்பி எங்கட ஹீட்டரில ஒரு கிழமை கிடந்தது, ஆரிட்டக் குடுக்கிறது எண்டு தெரியாமல்.

அதைக் கண்ணால கண்ட நான் அதே கதையை உங்களுக்குச் சொல்லிப்போட்டன். எனக்கு வெக்கமாய் இருக்கு அத்தான், பயமாயும் இருக்கு. ஹோட்டலுக்கு வாற ஒருத்தரையும் நீங்கள் விடாத சரிவு அது. எனக்காகக் காலை வைக்காதேங்கோ.

இண்டைக்குக் காலமை ஃபாதரிட்டப் போய் ஞானஸ்நானத்தைத் தள்ளி வைச்சிட்டன். எந்தத் திகதிக்கு எண்டு கேட்டார். அதை என்ர மனுசன் குழி வெட்டிப் பார்த்துத்தான் சொல்லுவார் எண்டன். ஃபாதர் ஒண்டும் விளங்காமல் தலையை ஆட்டினார். பேரையும் நான் வைக்கமாட்டன். நீங்கள் வந்து, பிள்ளையைத் தூக்கி, உங்கட வாயால சொல்லவேணும். றோட்டுத் திறக்க பங்குனியானாலும் பரவாயில்லை.

நீங்கள் சொன்னதைக் கனகலிங்கம் அண்ணை கேக்கேல்லை. நான் சொல்லுறதை நீங்கள் கேளுங்கோ. மாதா உங்களைத் தன்ர முந்தானையால மூடி வைச்சிருக்கட்டும்.

உங்கட,
பியற்றிஸ்

இதைப் படிச்ச உடனை ஒருக்கால் போன் எடுங்கோ. கத்தமாட்டன்.