என் தட்டில் இன்னொரு கை

அம்மா, முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, டிவி ரிமோட்டைத்தான் தேய்க்கிறாயா? நான் ஜோராக இருக்கிறேன்.

ஞாயிறுதோறும் கிரேக்கச் சமையல் வகுப்புக்குப் போகிறேன்! திராட்சை இலையில் அரிசியை வைத்து, பீடி மாதிரி சுருட்டி வேகவைக்க வேண்டும். செய்முறை வீடியோவை மனப்பாடம் செய்துவிட்டுப் போயும் எனக்கு எல்லாம் அவிழ்ந்துவிட்டது. வகுப்பில் இதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை. இதை யார் தொடுவார்கள் என்று தட்டோடு மூலையில் உட்கார்ந்து நானே சாப்பிட ஆரம்பித்தேன்.

கூடப் படிக்கும் நர்ஸ் அக்கா வந்து, கேட்காமலே என் தட்டில் கைவிட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, எச்சில்க்கா!"

"இருக்கட்டும்டி. ருசி சூப்பர், உருவம்தான் கந்தல்!"

ஊரில் இருக்கும் தம்பிக்குப் பிறகு என் தட்டில் கைவைத்த முதல் ஆள், அம்மா. கண் கலங்கிவிட்டது. "இலை ரொம்பப் புளிப்புக்கா" என்று சமாளித்தேன்.

அந்தப் பெரிய எவர்சில்வர் தட்டை அனுப்பேன். என்னுடையதில் இரண்டு கை இடிக்கிறது. பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்!

உன் வாலு