வடமேட்டில் மருதாடன் பெயர் விளிப்பது குறித்து

ஏழு ஏரிகளும் நிறைக, அவற்றின் கரைவாழ் குடிகள் நலம் பெறுக. ஆம்பற்கோட்டை அரசரின் அமைச்சர் சேந்தன் கீரனார், தோணித்துறைப் பந்தாட்டக் களத்தின் கண்காணி வேண்மாளுக்கு விடுக்கும் ஓலை. உம் களத்துப் புல்லும் உம் இல்லமும் செழிக்க.

தோணித்துறை அணிக்காக முப்பது ஆண்டுகள், காண்போர் நிற்கும் வடமேட்டில் நின்று குரல் கொடுத்த ஓடக்காரர் மருதாடன் இறந்ததை நீர் அறிவீர். அவ்வாறு குரல் கொடுத்து மறைந்தவரின் பெயரை, ஆண்டின் முதல் ஆட்டத்தன்று வீட்டார் மேட்டில் நின்று விளிப்பர். மேடு முழுவதும் ஒரே குரலில் "நிக்கிறான்" என்னும். அதன் பின்னரே பந்து உருளும். இவ்வழக்கம் வேண்டி அவர் மனைவி நச்செள்ளை அவைக்கு வந்தார்.

களத்தை ஏற்று நடத்தும் வணிகக் குழுவின் தலைவர் அரசர் தமக்கு அளித்த சாசனத்தை விரித்தார். களமும் மேடும் ஆட்டத்தின் தொடக்கமும் குழுவுக்கே உரியன. பெயர் விளிக்கும் வழக்கம் அதில் எங்குமில்லை. அச்சாசனத்தை எழுதியவர் அமைச்சரே. ஊரறிந்ததை ஓலையில் ஏற்றுவானேன் என்று விட்டுவிட்டார்.

"ஆத்துல தண்ணி ஓடும்னும் எழுதித்தான் வாங்கணும் போலங்க ஐயா" என்றார் நச்செள்ளை. அவையில் சிலர் நகைத்தனர். அமைச்சர் தலை கவிழ்ந்திருந்தார்.

குழுத் தலைவர் பணிவாகவே பேசினார். ஆட்டத்துக்கு முன் நெய் வணிகரின் புகழைக் கூலிக்குக் கூவுவோர், அதை முடித்ததும் அப்பெயரையும் விளிப்பர் என்றார். துறைக் குடிகள் நின்ற மேட்டில் இன்று மெத்தை இருக்கைகள். அவற்றில் அமர்வோர் அயலூர்ச் செல்வர். "யாருக்குன்னே தெரியாம கத்துவாங்க. அது வேணாங்க" என்று நச்செள்ளை மறுத்துச் சென்றார்.

அவ்வழக்கத்தைச் சாசனத்தில் சேர்க்குமாறு அமைச்சர் அரசரை வேண்டினார். கொடுத்த சொல் மீளாது என்று அரசர் அருளினார்.

ஆகவே, வளர்பிறை ஏழாம் நாள் ஆட்டத்துக்கு நச்செள்ளை வந்தால் வாயிலைத் திறந்துவிடுக. அவர் விளித்தால் குழுவின் காவலர் மேடேறுவர். அவர்களைத் தடுக்கும் அதிகாரம் உமக்கில்லை. அதைத் தர அமைச்சராலும் இயலவில்லை. பந்தை மட்டும் சற்று நேரம் உம் கையில் வைத்திருப்பீராக.

அரச முத்திரை அச்சாசனத்தில் இருப்பதால், இவ்வோலையில் அமைச்சரின் மோதிரமே பதிந்தது. காவலர் கேட்டால் இதைக் காட்ட வேண்டாம், செல்லாது.