அம்மாவின் கட்டில்வரை ஒரு வயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கப்போவதில்லை, தங்கச்சி போனில் எல்லாம் சொல்லிவிட்டாள்.

உங்கள் கடிதம் வந்தது. ஹெட்ஃபோனில் இடது பக்கம் கேட்கவில்லை, வால்வு ஆம்ப்ளிஃபயரில் அதை வேறு எப்படி மாட்டுவது என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் சத்தம் நின்றது என்பதுகூட இருக்கிறது. அதே மத்தியானம் அம்மா கட்டிலிலிருந்து விழுந்ததைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. காகிதத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். ஸ்பீக்கரையே உதறவைக்கிற கரண்டை நேராக ஹெட்ஃபோனில் கொடுத்தால் அது கருகாமல் என்ன செய்யும்? யோசனை சொன்னது உங்கள் பழைய ஆபீஸ் நண்பராமே. அவரிடம் இனிமேல் சீட்டாட்டத்துக்கு மட்டும் யோசனை கேளுங்கள். அதைவிட மோசமான காரியம், ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டது. அந்த ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் எப்போதும் ஒரு சுமையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பீக்கர்தான் அந்தச் சுமை. அது இல்லாமல் வால்யூமைத் திருகினால் வோல்டேஜ் எகிறி, உள்ளேயே பொறி பறந்து, ட்ரான்ஸ்ஃபார்மரே போய்விடும். ஹெட்ஃபோனின் சுமை எல்லாம் அதற்குக் கொசு உட்கார்ந்த மாதிரி. பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

அதனால் நானே ஒரு பெட்டி செய்து அனுப்பியிருக்கிறேன். ஸ்பீக்கரின் சுமையைத் தாங்க உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக எட்டு ஓம், இருபத்தைந்து வாட் ரெசிஸ்டர் இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மட்டும் ஹெட்ஃபோனுக்குப் போகும். பெட்டி சூடாகும், மூடியில் துளை போட்டிருக்கிறேன். தூசு படுகிறதென்று துண்டைப் போட்டு மூடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிட்டு வயரை மாட்டுங்கள். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. ஹெட்ஃபோனுக்கு இரண்டு பக்கத்துக் கறுப்பும் ஒன்றாகச் சேர வேண்டும்; உங்களுடையதில் உள்ளேயே சேர்கின்றன, போன தடவை வந்தபோது மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லா ஆம்ப்ளிஃபயரும் அப்படி இல்லை, அதனால் பெட்டியை நண்பருக்கு இரவல் கொடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் அடிமூடியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கிற கரண்ட் தேங்கி நிற்கும். வால்யூமை முழுக்கக் குறைத்து வைத்து, பாட்டை ஓட விட்டு, அப்புறம் காதில் மாட்டுங்கள்.

இனி நீங்கள் கேட்காதது.

சத்தம் அம்மாவுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் ஹெட்ஃபோன் வாங்கினேன் என்கிறீர்கள். சரி, நல்ல எண்ணம்தான். ஆனால் தங்கச்சி வேலை முடிந்து வந்தபோது அம்மா தரையில் கிடந்திருக்கிறாள். டம்ளர் உருண்டு, புடவையெல்லாம் தண்ணீர். அடுத்த அறையில் நீங்கள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண் திறந்தீர்களாம். கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேனா என்று அம்மாவிடமே கேட்டீர்களாம். பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்குக் குரல் எவ்வளவு வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? குரல் நன்றாக இருந்த காலத்திலும் முதல் தடவை கூப்பிட்டதுமே நீங்கள் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. அது வேறு கதை.

தங்கச்சி உங்கள்மேல் பாய்ந்தபோது அம்மா குழறிக் குழறிச் சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள்: "அப்பாவத் திட்டாதடி. பாட்டு முடிஞ்சா வருவாருன்னுதான் படுத்திருந்தேன்."

அதைக் கேட்ட பிறகு பெட்டியைத் திரும்பப் பிரித்து இன்னொரு வேலையும் செய்தேன். பின்னாலிருந்து நீளமாக ஒரு வயர் வரும், நுனியில் அமுக்குகிற ஸ்விட்ச். அதை அம்மாவின் கட்டிலில் இடது கைப்பக்கம் கட்டுங்கள். வலது கை வராது. அமுக்கினால் உங்கள் இரண்டு காதிலும் பாட்டு நின்றுவிடும். சுமையை ரெசிஸ்டர்கள் தாங்கிக்கொள்வதால் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பாட்டு நின்றால் வால்வு போய்விட்டதா, வயர் கழன்றதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எழுந்து அம்மாவிடம் போங்கள். நான் அமுக்கவில்லை என்று அம்மா சொன்ன பிறகு ஃபியூஸைப் பார்க்கலாம்.

இதில் என்னால் செய்ய முடியாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மா அந்த ஸ்விட்சை அமுக்க மாட்டாள். பல்லவி முடியட்டும், சரணம் முடியட்டும் என்று தொண்டை வறண்டு படுத்திருப்பாள். நானோ தங்கச்சியோ சொன்னால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். நீங்கள் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடது கையை எடுத்து ஸ்விட்சின்மேல் வைத்து, பாட்டு பாதியில் நின்றால் பரவாயில்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் நம்பமாட்டாள். நம்புகிறவரை சொல்லுங்கள் அப்பா.

பதில் போடும்போது வேறு எதுவும் எழுத வேண்டாம். அம்மா அமுக்கினாளா, நீங்கள் எழுந்து போனீர்களா, அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மகன்