கூப்பிட்டால் திரும்பாத பாப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து கதிரேசன். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா?

கோபத்தில்தான் எழுதுகிறேன். இரண்டரை வயதாகியும் பேசாத நம் பாப்பா கிருபாவுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் மருமகள் கயல்விழி அலைந்து திரிந்து கோயமுத்தூர் டாக்டரிடம் தேதி வாங்கினாள். நீங்கள் போன் போட்டு, "பாப்பாவுக்குச் சரியாப் போச்சுங்க, நாங்க வரலீங்க" என்று மரியாதையாகச் சொல்லிக் கெடுத்துவிட்டீர்கள்.

கேட்டால், "நீயும் மூணு வயசுலதான் பேசுனே கண்ணு" என்கிறீர்கள். பேசாவிட்டாலும், கூப்பிட்டால் நான் திரும்பினேனா இல்லையா?

தினமும் வீடியோவில் கூப்பிடுகிறேன். அவள் டப்பா மூடியையே சுழற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பன் தூரத்தில் இருப்பதால்தான் என்று நினைத்தேன். பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கும் திரும்புவதில்லை என்று கயல்விழி அழுகிறாள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. டாக்டருக்கு நீங்களே போன் போடுங்கள். அதே மரியாதையோடு, "இன்னும் சரியாகலீங்க, கூட்டிட்டு வாரோமுங்க" என்று சொல்லுங்கள்.

கதிரேசன்